பத்துக்குப் பத்து வாங்கிய ஹாரன்

இதை நான் ஒழுங்கா சொல்லிருவேனான்னு எனக்கே பயமா இருக்கு.

எட்டாங்கிளாஸோட படிப்பை நிறுத்துனவ நான். எந்த விசயத்தையும் நடுவுல இருந்துதான் ஆரம்பிப்பேன். "கதவு எங்கன்னு சொல்லாம தாழ்ப்பாளைப் பத்தியே பேசுறவ"ன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. அவரு கதவு ஜன்னல் செய்யிற ஆசாரி. அவருக்கு எல்லாமே கதவுதான்.

ஆனா "கார் என்னாச்சு, கார் என்னாச்சு"ன்னு நீங்க பூராப்பேரும் கேட்டுக்கிட்டே இருக்கீக. அதனால எழுதுறேன். ஏதாவது தப்பா எழுதி, கம்பெனிக்காரவுக என் மேல கேஸ் போட்டுருவாகளோன்னு வேற பயம். அதனால கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். கார் கலரைக்கூட சொல்ல மாட்டேன்.

வெள்ளைதான். ஆனா சொல்ல மாட்டேன்.

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். புதுக் காரை ஷோரூமுக்குக் கொண்டுபோய் ஹாரனைச் சரி பண்ணிட்டு, வர்ற வழியில கருவேப்பிலை வாங்கிட்டு வரணும்.

கருவேப்பிலை வாங்கிட்டேன்.

ஹாரன் விசயம் என்னன்னா, எங்க கார் இடது பக்கம் திரும்புனா ஹாரன் தானா அடிக்கும். நேராப் போனா அடிக்காது. வலது பக்கம் திரும்புனா அடிக்காது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சா போதும், "பாஆஆஆம்"னு ஆரம்பிச்சுரும். திரும்பி முடிச்சு, ஸ்டியரிங் நேராகுற வரைக்கும் நிக்காது.

வண்டி எடுத்த அன்னைக்கு எலுமிச்சம்பழத்துல ஏத்தி இறக்கி, ஷோரூம் வாசல்ல இருந்து ரோட்டுக்கு இடது பக்கமாத் திரும்புனப்பவே அடிச்சுச்சு. "பாத்தியா, நம்ம வீட்டுக்கு வர்றதுல வண்டிக்கு எம்புட்டு சந்தோசம்!"னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. நானும் கண் கலங்கிட்டேன்.

அடுத்த திருப்பத்துலயும் அடிச்சுச்சு. அதுக்கடுத்த திருப்பத்துலயும். எங்க தெருவுக்குள்ள நுழையிறப்ப பூராச் சனமும் வாசலுக்கு வந்துருச்சு. ஆரத்தித் தட்டோட நின்ன எம்மக கௌரி தட்டைக் கீழ வச்சுட்டு புள்ளை காதைப் பொத்துனா. அவ தோள்ல கெடந்த பேத்தி வீல்னு கத்துனா.

இந்தக் கார் வாங்குனதே பேத்திக்காகத்தான். கௌரிக்கு இது தலைப்பிரசவம். எங்க வீட்டுலதான் பாத்தோம். அஞ்சாம் மாசம் புள்ளையையும் தாயையும் கண்டரமாணிக்கத்துல இருக்குற மாப்பிள்ளை வீட்டுல கொண்டுபோய் விடணும். வளைகாப்பு முடிஞ்சு பிரசவத்துக்கு அவளைக் கூட்டிக்கிட்டு வந்தப்ப சம்பந்தி வீட்டுக் கார்லதான் வந்தோம். வழி பூரா சம்பந்தி, "சீட்டுல மஞ்சள் ஒட்டிராம பாத்துக்கங்க"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே முடிவு பண்ணிட்டாரு.

"என் பேத்தி அவ அப்பன் வீட்டுக்குச் சொந்தக் கார்லதான் போவா. மஞ்சள் ஒட்டட்டும், குங்குமம் ஒட்டட்டும், ஒருத்தனும் கேக்கக் கூடாது!"

அந்தக் கார்தான் இப்புடி ஊளையிடுது.

போதாததுக்கு வண்டி என் பேர்ல. ஜோசியரு, "வாகன யோகம் வீட்டம்மாவுக்குத்தான்"னுட்டாரு. எந்தப் போன் வந்தாலும் எனக்குத்தான் வரும், எங்க பேசணும்னாலும் நான்தான் பேசணும். யோகம்!

ஹாரனைக் காட்டப் போன அன்னைக்கு ஷோரூமுல, கையில தட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு நின்ன தம்பிகிட்ட விசயத்தைச் சொன்னேன். எங்களை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு வந்தாப்புல. இடது பக்கம் ஒடிச்சதும் வண்டி தன் கடமையைச் செஞ்சுச்சு.

அந்தத் தம்பி அசரவே இல்லை.

"மேடம், இது சேஃப்டி ஃபீச்சர்."

"அப்புடின்னா?"

"பாதுகாப்பு வசதி மேடம். இடது பக்கம்தான் சைக்கிள்காரங்க, நடந்து போறவங்க எல்லாம் இருப்பாங்க. அவங்களுக்கு வண்டியே எச்சரிக்கை குடுக்குது."

எங்க வீட்டுக்காரரு சந்தேகமாக் கேட்டாரு. "அப்ப வலது பக்கம் திரும்புனா ஏந்தம்பி அடிக்கல?"

"அது டாப் மாடல்ல மட்டும்தான் சார் வரும்."

ரெண்டு பேருக்கும் மூஞ்சி சுருங்கிருச்சு. "கொஞ்சம் கூடப் போட்டு டாப் மாடலே எடுத்துருக்கலாங்க. ஒரு பக்கம் மட்டும் பாதுகாப்பா இருந்து என்ன செய்ய?"ன்னேன். "கையில இருந்ததுக்கு இம்புட்டுத்தான் பாதுகாப்பு"ன்னு அவரு பெருமூச்சு விட்டாரு.

நாங்க சும்மா இருந்திருக்கலாம். நான் ஊரெல்லாம் சொன்னேன்! பால்காரர்ட்ட சொன்னேன். கோயில்ல சொன்னேன். "எங்க வண்டியில ஒரு வசதி இருக்கு, மத்த வண்டியில கெடையாது"ன்னு எதுத்த வீட்டு அலமேலுகிட்ட சொன்னேன்.

"தெரியும் மதினி. பூராத் தெருவுக்கும் கேக்குது"ன்னா.

வசதியா இருந்தாலும் பேத்திக்கு ஆகல. தூங்குற புள்ளை ஒவ்வொரு திருப்பத்துக்கும் தூக்கிப் போட்டு எந்திரிச்சுச்சு. அதுனால எங்க வீட்டுக்காரரு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. எங்க காரைக்குடியில பழைய தெருவெல்லாம் கோடு போட்டு வெட்டுன மாதிரி நேர் நேரா இருக்கும். இடது பக்கம் போகணும்னா, தாண்டிப் போய் வலது, வலது, இன்னொரு வலதுன்னு திரும்புனா அதே எடத்துக்கு வந்துரலாம்.

மார்க்கெட் எங்க வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி, இடது பக்கம். நாங்க ஊரைச் சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள, நடந்து போன அலமேலு காய் வாங்கிட்டுத் திரும்பி வந்துக்கிட்டு இருப்பா.

"என்ன மதினி, வேண்டுதலா? ஊரையே வலம் வர்றீக?"

இந்த நேரத்துலதான் கோமதி போன் பண்ணுனா.

கோமதி ஷோரூமுல இருந்து பேசுற புள்ளை. தேன் மாதிரி கொரலு.

"அம்மா, வண்டி எப்படிம்மா இருக்கு? நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குத்தா. நீ நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?"

நீங்களே சொல்லுங்க. ஒருத்தர் நல்லா இருக்கான்னு கேட்டா, நல்லா இருக்குன்னுதான சொல்லணும்? எங்க பக்கம் ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏறிக்கிட்டு இருக்குறப்ப, "நல்லா இருக்கீகளா?"ன்னு கேட்டாலும் "நல்லா இருக்கேன், நீங்க எப்ப வந்தீக?"ன்னுதான் கேப்போம். அது மரியாதை. கேட்ட மனுசர் மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல?

"பத்துக்கு எத்தனை மார்க்கும்மா குடுப்பீங்க?"

நான் நேர்மையா, "எட்டு"ன்னேன்.

அவ கொரலைத் தாழ்த்தி, "அம்மா... பத்துக்குக் கொறைஞ்சா எனக்குத்தாம்மா திட்டு விழும்"னா.

ஊருல யாரோ பெத்த புள்ளை. நம்ம ஹாரனுக்காக அது ஏன் திட்டு வாங்கணும்?

"பத்து போட்டுக்கத்தா!"

அதுக்கப்புறம் ரெண்டு தடவை கூப்புட்டா. ரெண்டு தடவையும் பத்து. கடைசித் தடவை அவளுக்கு மாப்பிள்ளை பாக்குற கதையெல்லாம் பேசி, காரைக்குடிப் பக்கம் வந்தா வீட்டுக்கு வா, வெள்ளைப் பணியாரம் சுட்டுத் தர்றேன்னு சொல்லித்தான் வச்சேன். என்னென்ன பேசுனேன்னு எனக்கே ஞாபகம் இல்லை.

அதுதான் வினை.

ஒரு நாள் புதுவயல் பக்கம் ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்கப் போனோம். அங்குட்டு மூணு வலது போட வழியே இல்லை. ஒரு பக்கம் வயலு, ஒரு பக்கம் ரைஸ் மில்லு. இடதுதான் போயாகணும். முன்னாடி நெல்லு மூட்டை லாரி ஒண்ணு அதே பக்கம் திரும்பப் பாத்துக்கிட்டு நிக்குது. எங்க வீட்டுக்காரரும் ஸ்டியரிங்கை ஒடிச்சுட்டு அதுக்குப் பின்னாடி காத்துக்கிட்டு இருக்காரு.

பாஆஆஆஆஆம்.

லாரி போகல. எதுத்தாப்புல மாட்டு வண்டி.

பாஆஆஆஆஆஆஆஆம்.

டிரைவரு எறங்கி வந்தாரு. லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டே வந்தாரு.

"ஏய்யா, கண்ணு இருக்கா இல்லையா? மாட்டைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா போக முடியும்?"

எங்க வீட்டுக்காரரு பதவிசா, "கோவிச்சுக்காதீகண்ணே. நான் அடிக்கல. இது சேஃப்டி ஃபீச்சர்"னாரு.

டிரைவரு அவரைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. கோவமெல்லாம் எறங்கிப் போச்சு.

"ஏ ஆத்தா, இவரைத் தனியா வெளிய விடாதீக"ன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அன்னைக்குச் சாயந்தரம் சம்பந்தியம்மா போன். பேத்தியைப் பத்தி விசாரிச்சாக. நான் பேச்சோட பேச்சா நம்ம வசதியைச் சொன்னேன்.

"அப்புடியா மதினி? எங்க பக்கத்து வீட்டுலயும் இதே வண்டிதான் வாங்கியிருக்காக. டாப் மாடலாம். அது ரெண்டு பக்கமும் ஊமையாட்டம்ல திரும்புது!"

"அவுக வண்டியிலதான் ஏதோ கோளாறு போல"ன்னு சொல்லிப் போனை வச்சுட்டேன். வச்சுட்டு, வாசல்ல நின்ன காரையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்னேன். அதுவும் என்னையப் பாத்துச்சு.

மறுநாள் ஷோரூமு. இந்தத் தடவை டை கட்டுன மேனேஜரு. எங்க வீட்டுக்காரரு மேசையில கையை ஊனி, "கோளாறு வண்டியைத் தலையில கட்டிட்டு வசதின்னு வேற சொல்லுறீகளா? சரி பண்ணிக் குடுங்க, இல்லைன்னா மாத்திக் குடுங்க"ன்னாரு. நான் பின்னாடி நின்னு தலையை ஆட்டுனேன்.

மேனேஜரு கம்ப்யூட்டரைத் தட்டுனாரு. சிரிச்சாரு.

"சார், மேடம் எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் பத்துக்குப் பத்து குடுத்திருக்காங்களே! பதிவு இருக்கு. கேக்குறீங்களா?"

"வேணாம் தம்பி"ன்னேன். அதுக்குள்ள போட்டுட்டாரு. பெரிய ஸ்பீக்கரு. கார் பாக்க வந்தவுக அத்தனை பேரும் திரும்பிட்டாக.

"அம்மா, வண்டியில ஏதாவது குறை இருக்காம்மா?"

ஸ்பீக்கருல என் கொரலு, ஊருக்கே கேக்குற மாதிரி:

"வண்டி தங்கம்த்தா! அது மேல ஒரு குத்தமும் இல்லை. எங்க வீட்டுக்காரருக்குத்தான் ஓட்டத் தெரியல. மூணு மூணு தடவை வலது பக்கமாவே திரும்புறாரு. வயசாகுதுல்ல?"

எங்க வீட்டுக்காரரு திரும்பவே இல்லை. கழுத்துக்குப் பின்பக்கம் மட்டும் செவந்துக்கிட்டே வந்துச்சு.

"அந்தப் புள்ளை மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு சொன்னேங்க"ன்னு முனகுனேன்.

"பாருங்க சார், கஸ்டமரே டிரைவிங் பிரச்சினைன்னு சொல்லிட்டாங்க"ன்னு மேனேஜரு கையை விரிச்சாரு.

"நல்லா இருக்கான்னு கேட்டா நல்லா இருக்குன்னுதானப்பா சொல்லணும்? மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லைன்னா சொல்லுவாக?"

"கண்டிப்பா சொல்லணும் மேடம். அதுக்குத்தான் கேக்குறோம்."

"கொறைச்சுச் சொன்னா அந்தப் புள்ளைக்குத் திட்டு விழும்ல?"

"ஆமா மேடம், விழும்."

வீட்டுக்குத் திரும்புறப்ப எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை பேசல. வலது பக்கமும் திரும்பல. வேணும்னே ஒவ்வொரு திருப்பத்துலயும் இடது பக்கமாத் திருப்பித் திருப்பி ஓட்டுனாரு. அவரு சொல்ல நெனச்சதையெல்லாம் வண்டியே சொல்லிருச்சு.

பேத்திக்கு அஞ்சாம் மாசம் பொறக்கப் போகுது. ராத்திரி சாப்பிடுறப்ப, "வாடகைக் கார் சொல்லிர வேண்டியதுதான்"னாரு. சோத்தைப் பெசஞ்ச கை அப்புடியே நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு. என் வாயால கெட்டது.

கௌரிதான் மறுநாள் நுகர்வோர் உதவி எண்ணைத் தேடிப் போட்டா. வண்டி என் பேர்ல இருக்குறதால நான்தான் பேசணுமாம். ஸ்பீக்கருல போட்டா. ஒரு சாரு எடுத்தாரு.

"வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இரு..."

கௌரி என் வாயைப் பொத்திட்டா.

அப்புறம் அவளே விசயத்தைச் சொன்னா. அந்தச் சாரு பொறுமையாக் கேட்டுட்டு, "மரியாதைக்குப் போட்ட மார்க்கால உங்க உரிமை போயிராதும்மா. வண்டியில குறை இருந்தா அது குறைதான். வாரண்டி இருக்குறப்ப காசு வாங்காம சரி பண்ணித் தரணும். சரி பண்ணவே முடியலைன்னா மாத்திக் கேக்கலாம், பணத்தைத் திருப்பியும் கேக்கலாம்"னாரு.

"நான் என்னய்யா செய்யணும்?"

"வாயால சொல்லாதீங்க. எழுத்துல குடுங்க. பதிவுத் தபால்ல அனுப்புங்க. ஹாரன் அடிக்கிறதை வீடியோ எடுத்து வச்சுக்கங்க. ஒழுங்கான பதில் வரலைன்னா சிவகங்கையில நுகர்வோர் ஆணையம் இருக்கு. மனுப் போடலாம். வக்கீல்கூடக் கட்டாயம் இல்லை. நீங்களே பேசலாம்."

"நானே பேசணுமா! நான் பேசுனதாலதான்யா இம்புட்டும்!"

சாரு சிரிச்சுட்டாரு. "அதுக்குத்தாம்மா எழுத்துல குடுக்கச் சொல்றேன்."

அன்னைக்கே உக்காந்து எழுதுனேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதுனேன். "அன்புள்ள மேனேஜர் அவர்களுக்கு, இங்கு நாங்களும் வண்டியும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல்."

கௌரி வாங்கிப் படிச்சுட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டா.

"அம்மா! மறுபடியும் நலம்னு எழுதியிருக்க!"

"கடுதாசின்னா அப்புடித்தானடி ஆரம்பிக்கணும்?"

"புகார்க் கடுதாசியில யாரும் நலம் இல்லைம்மா!"

அவ சொல்லச் சொல்ல வேற எழுதுனேன். ஹாரன் எப்புடி அடிக்குது, யாரு என்ன சொன்னாக, இன்ன தேதிக்குள்ள சரி பண்ணாட்டி ஆணையத்துக்குப் போவோம். கடைசியில "கோமதியைத் திட்ட வேண்டாம்"னு ஒரு வரி நானாச் சேத்துட்டேன்.

தபால் போய்ச் சேந்த வேகத்துல போன் வந்துச்சு. மேனேஜரே நேர்ல வந்துட்டாரு. "நானே ஓட்டிப் பாக்குறேன் சார். டிரைவிங் ஸ்டைல்தான் காரணமா இருக்கும்"னு சொல்லி ஸ்டியரிங்குல உக்காந்தாரு. பக்கத்துல எங்க வீட்டுக்காரரு. பின்னாடி நான்.

கௌரி என் கையில செல்லைக் குடுத்து, "வீடியோ ஓடுது. நிறுத்தாம புடி. என்ன கேட்டாலும் வாயைத் தெறக்காத!"ன்னு சொல்லி அனுப்புனா. நான் ஒதட்டை இறுக்கி மூடிக்கிட்டேன்.

ரெண்டு தெரு தாண்டி ஒரு டீக்கடை. அந்த முக்குல இடது பக்கம் திரும்பணும். டீக்கடை வாசல்ல கருப்பன் நிக்கிறான்.

கருப்பன் மஞ்சுவிரட்டுக் காளை. திமிலு மட்டும் எங்க வீட்டு ஆட்டுக்கல்லு தண்டி இருக்கும். நடை பழக்கிட்டு வந்த அவன் மொதலாளி, கயித்தை ஒரு கையில புடிச்சுக்கிட்டு இன்னொரு கையில டீ குடிச்சுக்கிட்டு இருக்காரு.

மேனேஜரு ஸ்டைலாத் திருப்புனாரு.

பாஆஆஆஆஆஆம்.

கருப்பன் தலையைத் தூக்குனான். திரும்பிப் பாத்தான். மெதுவா நடந்து வந்து காருக்கு நேர் முன்னாடி நின்னான். மேனேஜரு ஒரே பிரேக்கு. ஸ்டியரிங்கு ஒடிச்சது ஒடிச்சபடி நிக்குது. ஹாரனும் நிக்கல.

"யோவ்! ஹாரனை நிறுத்துயா! அவனுக்கு ஹாரன் ஆகாது!"ன்னு மொதலாளி கத்துறாரு. டீ பூரா வேட்டியில.

"நான் அடிக்கலைங்க! கையை எடுத்துட்டேன் பாருங்க!" மேனேஜரு ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாரு, போலீஸ்ல புடிபட்ட மாதிரி.

பாஆஆஆஆஆஆஆஆம்.

"ஸ்டியரிங்கை நேராத் திருப்புயா!"ன்னு டீக்கடையில ஒருத்தர் கத்துனாரு. எங்க வண்டி சங்கதி ஊருக்கே தெரியும்ல.

"நேராத் திருப்புனா மாடு நிக்குதுங்க!"

எங்க வீட்டுக்காரரு சாஞ்சு உக்காந்துக்கிட்டு, "பயப்படாதீக தம்பி. சேஃப்டி ஃபீச்சர்தான்"னாரு.

கருப்பன் மூக்கை பானட்டுல வச்சு ஒரு மூச்சு விட்டான். கண்ணாடி வரைக்கும் ஆவி. வெள்ளிக்கிழமைக்குப் போட்ட செவ்வந்தி மாலை பானட்டுல கெடந்துச்சு. அதை ஒரு முனையில இருந்து திங்க ஆரம்பிச்சான். தின்னுக்கிட்டே மேனேஜரை மட்டும் பாத்தான்.

மேனேஜருக்கு டை கோணிப் போச்சு. "சார்! ஒத்துக்கறேன் சார்! இது டிஃபெக்ட்தான்! வண்டி கோளாறுதான்! காசு வாங்காம பார்ட் மாத்தித் தர்றேன்! எழுதியே தர்றேன் சார்!"

நான் இம்புட்டு நேரம் வாயைத் தெறக்கலைங்க. சத்தியமாத் தெறக்கல. ஆனா அந்த நேரத்துல என்னையறியாம வந்துருச்சு.

"பத்துக்கு எத்தனை தம்பி?"

"ஜீரோ மேடம்! ஜீரோ!"

எல்லாம் பதிவாயிருச்சு. கருப்பன் மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசா விழுந்திருக்கு.

எங்க வீட்டுக்காரரு கையை நீட்டி ஸ்டியரிங்கை நேராக்குனாரு. ஹாரன் நின்னுச்சு. கருப்பன் மிச்ச மாலையைக் கொம்புல மாட்டிக்கிட்டு, ஊர்வலம் போற மாதிரி போயிட்டான்.

ஷோரூமுல ஸ்டியரிங்கைக் கழட்டிப் பாத்துட்டு, உள்ள ஒயரு நசுங்கிப் போயிருக்கு, ஃபேக்டரியில மாட்டுறப்பவே நடந்த தப்புன்னு சொன்னாக. புது பார்ட் போட்டு, அதை எழுதி சீல் குத்திக் குடுத்தாக. ஸ்டியரிங்குக்கு வாரண்டியையும் நீட்டிக் குடுத்தாக. கோமதியைத் திட்டலையான்னு கேட்டேன். திட்டலையாம். நம்புறேன்.

சொன்ன அஞ்சாம் மாசத்துல, நல்ல நேரம் பாத்துக் கெளம்புனோம். கண்டரமாணிக்கம் போற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு இடது பக்கம் வந்த எடமெல்லாம் மூச்சைப் புடிச்சுக்கிட்டுத் திரும்புனாரு. ஒரு சத்தம் இல்லை. பேத்தி கண்ணைக்கூடத் தெறக்கல. சீட்டுல மஞ்சள் ஒட்டியிருந்துச்சு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.

சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நின்னது அவுகளுக்கே தெரியல. கதவு சாத்துன சத்தம் கேட்டுத்தான் ஆரத்தித் தட்டோட ஓடி வந்தாக. "ஏ, வண்டி வந்ததே கேக்கலையே!"ன்னு சம்பந்தி சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு பேத்தியைத் தூக்கிக்கிட்டு எறங்குன அழகை நீங்க பாத்துருக்கணும். நெஞ்சை நிமித்துனதுல சட்டைப் பட்டனெல்லாம் விண்ணுன்னு நிக்குது.

மாப்பிள்ளையோட தம்பி செல்லைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாப்புல. நேரா எங்கிட்ட வந்தாப்புல.

"அத்தை, புது வண்டி எப்படி இருக்கு? நல்லா இருக்கா? சொல்லுங்க!"

எல்லாரும் என்னையத்தான் பாக்குறாக. எங்க வீட்டுக்காரரு, சொல்லு சொல்லுன்னு கண்ணைக் காட்டுறாரு. செல்லுல செவப்புப் புள்ளி விட்டு விட்டு எரியுது.

"எழுத்துல கேளுங்க தம்பி, பதிவுத் தபால்ல பதில் போடுறேன்"னு சொல்லிட்டு, விறுவிறுன்னு உள்ள போயிட்டேன்.